பின்சில்லைக் கழற்றிப் பார்த்தபோது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தோம். நாங்கள் நாலு பேர், கூடவே எங்களில் ஒருத்தியின் அம்மா. கார் அம்மாவுடையது, அவரேதான் ஓட்டினார். பாதி வழியில் ஒரு வாடை வந்தது. தேயிலைத் தொழிற்சாலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். இரண்டு வளைவு தாண்டியும் வாடை கூடவே வந்தது. இரும்பும் றப்பரும் சேர்ந்து கருகுகிற வாடை. ஹிந்தகலைக்கு மேலே ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். மூன்று சில்லும் சாதாரணச் சூடு. இடது பின்சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை.

நாங்கள் கலஹாவுக்குப் போனதும் ஒரு வரலாற்று வேலைக்குத்தான். மூன்றாம் வருடத்தில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, கோப்பிக் காலத்துக் கண்டி வீதிகள். நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் வாசித்து முடித்திருந்தோம். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், கப்டன் டோசன், கடுகண்ணாவையில் குடைந்த பாறை, 1867இல் கண்டிக்கு வந்த ரயில் எல்லாமே கட்டுரையில் இருந்தன. அந்தச் சில்லு ஆறும்வரை வீதியோரத்தில் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களில் ஒருவன் கேட்டான்: "மச்சான், நாம எழுதினது முழுக்க மேல ஏறின கதைதானே. இறங்கினவன் எப்படி இறங்கினான்?"

யாரிடமும் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. எங்கள் பாடத்துக்குக் கொடுத்த கட்டுரை வேறு, அது மேலே ஏறிய கதையாகவே போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கராஜுக்குக் காரை மெதுவாகக் கொண்டுபோனோம். கராஜ்காரரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலைவன் என்ற அர்த்தத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. தச்சு வேலை, மேசன் வேலை, மெக்கானிக் வேலை எல்லாவற்றுக்கும் இன்றும் இலங்கையில் அந்தச் சொல்தான். பாஸ் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வயது ஐம்பதுக்கு மேல். எங்களைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, கார் கதவ யாரும் தொறக்காதீங்க."

ஏதோ மரியாதைப் பிரச்சினை என்று நினைத்தோம். இல்லை. கார் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ். சாதாரணக் காரில் நாம் மிதித்தால்தான் பிரேக்குக்கு அழுத்தம் போகும். இந்தக் காரில் சாரதிக் கதவைத் திறந்தாலே கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு பிரேக் எண்ணெய்க்கு அழுத்தம் ஏற்றிவிடும். கலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கைப்பையை எடுக்கப் போய்க் கதவைத் திறந்தால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், இடையில் இருப்பது பாஸின் விரல். அதனால் அவர் முதலில் செய்தது சின்னப் பற்றரியின் வயரைக் கழற்றியது. அதற்குப் பிறகுதான் முன்சில்லுகளுக்குக் கட்டை போட்டார். பின்பக்கத்தைத் தூக்கப்போவதால் ஹாண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும், அது பின்சில்லைத்தான் பிடிக்கிறது. ஹாண்ட் பிரேக் இல்லாத காரைத் தாங்கி நிற்கப்போவது முன்சில்லுக்குப் போட்ட கட்டைதான். நட்டுகளைத் தரையில் வைத்தே இளக்கி, ஜக் அடித்து, இரண்டு ஸ்டாண்ட் வைத்து, காரைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சில்லைக் கழற்றினார். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கை வைக்கிறவன் இந்தத் தொழிலில் கனநாள் இருக்கமாட்டான் என்றார்.

அவர் கழற்றிக் காட்டியதைப் பிறகு சொல்கிறோம். முதலில் வீதிக்குப் போவோம்.

1815இல் கண்டி விழுந்தது. மூன்று வருடத்துக்குள் ஊவாவில் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. வீதி இல்லாமல் மலையைப் பிடித்துவைக்க முடியாது என்று ஆங்கிலேயருக்கு அதில்தான் நன்றாகப் புரிந்தது. 1820இல் தொடங்கிய கொழும்பு - கண்டி வீதி, பார்ன்ஸின் காலத்தில், ராஜகாரிய என்ற கட்டாய உழைப்பைப் பெரிய அளவில் பயன்படுத்திப் போடப்பட்டது. வேலையை நடத்திய டோசன் 1829இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அவருக்கானது. வெட்டினவர்களுக்குக் கோபுரம் இல்லை என்பதைப் புதிதாகக் கண்டுபிடித்தது மாதிரி எழுத எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். இதே பார்ன்ஸ்தான் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டவர். வீதி போட்ட ஆளுநருக்கே அந்த வீதியால் இறக்க வேண்டிய சரக்கும் இருந்தது.

ரயில் வரும்வரை கோப்பி பெரும்பாலும் மாட்டு வண்டியில்தான் இறங்கியது. பறித்தவர்களோ மன்னார் பக்கம் கரையேறி, காடு கடந்து மாத்தளை வழியாகக் காலால் நடந்தே ஏறினார்கள். அந்த நடையை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை திரும்ப நடந்து நினைவுகூர்ந்தார்கள். எங்களில் ஒருத்தி அதில் கடைசி நாள் போய்ச் சேர்ந்துகொண்டவள்.

ஏற்றத்தில் மாடு இழுக்கிறது, அது எல்லாருக்கும் தெரிந்த படம். இறக்கத்தில் என்ன நடக்கிறது? வண்டி மாட்டை முந்தப் பார்க்கிறது. நுகம் முன்னுக்குத் தள்ளி, பாரம் முழுவதும் மாட்டின் கழுத்துக்கு வருகிறது. மாடு பின்னங்காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்த வண்டியின் பிரேக், மாடுதான். மலைப்பாதையில் மாட்டு வண்டி எங்கெல்லாம் ஓடியதோ அங்கெல்லாம் சில்லில் எதையாவது உரசவிட்டு அந்தக் கழுத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். மரக்கட்டை, சங்கிலி, கையில் அகப்பட்ட எதுவும்.

இதே பிரச்சினைதான் இங்கிலாந்தின் மலைப்பகுதியான டார்பிஷயரிலும். அங்கே வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய சப்பாத்தைச் சில்லுக்கும் கட்டைக்கும் நடுவில் செருகி உரசவிடுவதை ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் கண்டார் என்று சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் உரசுவதற்கென்றே ஒரு பொருள் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். 1897இல் தொழில் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளோடு மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்துக் கலைத்துப்போட்டு அவர் வைத்த பெயர் ஃபெரோடோ. உதிரிப்பாகக் கடைகளில் இன்றைக்கும் அந்தப் பெயரில் பெட்டி இருக்கிறது. பிரேக் ஷூ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. சொல் அங்கிருந்துதான் பிறந்தது என்று மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைவரை சுமார் 12 மைல் ஏற்றம். 45 அடி போனால் ஓர் அடி உயரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 400 மீற்றருக்கு மேல். பின்னால் இன்னொரு எஞ்சின் வைத்துத் தள்ளி ஏற்றினார்கள், அதன் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஏறுகிற ரயில் நின்றுபோனால் அது தாமதம்தான். இறங்குகிற ரயில் நிற்காமல் போனால்தான் ஆபத்து. அந்தக் காலத்து ரயில்களில் பொதுவாக, எஞ்சின்காரர் விசில் அடிக்க, பின்பெட்டிக் காட் கையால் பிரேக்கைச் சுற்றி இறுக்குவார். தானாகப் பிடிக்காத பிரேக்கின் விலை 1889இல் அயர்லாந்தின் அர்மா என்ற ஊரில் தெரிந்தது. ஏற்றத்தில் நின்றுபோன ரயிலின் பின்பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். அவை பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஞாயிறு பாடசாலைச் சுற்றுலா போன பிள்ளைகளும் அவர்களோடு போனவர்களும். அதே வருடமே எல்லாப் பயணிகள் ரயிலிலும் தானாகப் பிடிக்கிற பிரேக் கட்டாயம் என்று பிரித்தானியா சட்டம் கொண்டுவந்தது.

தானாகப் பிடிப்பது என்றால் என்ன? எங்கள் ரயில்களிலும் நெடுங்காலம் இருந்த வெற்றிடப் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நீளத்துக்கு ஒரு குழாய் ஓடுகிறது, அதிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே எடுத்தால் பிரேக் விடும். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். பெட்டி கழன்றால் குழாய் அறும், காற்று புகும், ரயில் நிற்கும். பிழை நடந்தால் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது ஒரு பெரிய சிந்தனையாகப்பட்டது. காரிலும் பஸ்ஸிலும் எல்லா இடத்திலும் இந்தச் சிந்தனை இல்லை. சாதாரணக் காரில் பைப் அறுந்தால் பிரேக் பிடிக்காது. அதனால்தான் எண்ணெயை இரண்டு தனித்தனி வழியாகப் பிரித்து அனுப்புகிறார்கள், ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்று.

ரயிலிலும் இந்த ஏற்பாடு எல்லாத் தவறையும் மன்னிக்காது. 2002 ஜனவரியில் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போன நகரசேர் ரயில் இதே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ரம்புக்கனைப் பக்கம் தடம்புரண்டு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுகண்ணாவையில் ரயில் நூதனசாலை இருக்கிறது, 2014இல் திறந்தது. எஞ்சின்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம். நாங்களும் எடுத்திருக்கிறோம்.

இனிக் கார். இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902இல் வந்ததாகச் சொல்கிறார்கள். அதே 1902 பிரேக்கின் வரலாற்றிலும் ஒரு நல்ல வருடம். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பிரெட்ரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டும் ஒரே வருடம் பிறந்த பிள்ளைகள், ஆனால் ஒன்று ஐம்பது வருடம் ராஜாவாக இருந்தது, மற்றது மூலையில் கிடந்தது. லான்செஸ்டருடையது செம்பு உரசும் பிரேக். பிடித்தால் கேட்கச் சகிக்காத கீச்சொலி. அன்றைய மண் வீதித் தூசிக்குத் திறந்தபடி இருக்கும் டிஸ்க் தாக்குப்பிடிக்கவும் இல்லை. டிரம் மூடிய பானை மாதிரி, உள்ளே ஷூ பாதுகாப்பாக இருந்தது.

பானையின் குணமே அதன் குறையும். சூடு வெளியே போகாது. சூடேறினால் டிரம் விரியும், விரிந்தால் ஷூவை விட்டு விலகும், மிதி கீழே போகும். டிஸ்க்கும் சூட்டில் தடிக்கும்தான், ஆனால் அது பேடை நோக்கித்தான் தடிக்கும், விட்டு விலகாது. காற்றிலும் நிற்கிறது. சமதரையில் ஓடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, மலையில் இறங்குகிறவனுக்குத் தெரியும். ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். ஆட்களோடு சேர்த்து 1400 கிலோ உள்ள கார் 300 மீற்றர் உயரம் இறங்கினால், அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 13 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பெரிய வாளித் தண்ணீர். அவ்வளவு சூடும் போய்ச் சேர வேண்டியது நாலு சில்லுக்குள். அதனால்தான் சாரதிகள் ஏறின கியரிலேயே இறங்கு என்று சொல்லித்தருகிறார்கள். பாதிச் சூட்டை எஞ்சின் வாங்கிக்கொள்ளட்டும்.

டிஸ்க்கை மூலையிலிருந்து வெளியே எடுத்தது ஓட்டப்பந்தயம். 1953இல் லு மான் 24 மணித்தியாலப் போட்டியை டன்லொப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் வென்றது. மற்றவர்கள் பயந்து காலை மிதிக்கு எடுத்த இடத்தைத் தாண்டியும் அந்தக் கார் வேகம் குறைக்காமல் போனது, ஏனென்றால் அதற்கு நிற்க முடியும் என்று தெரியும். 1955இல் வந்த சித்ரோவன் டிஎஸ் டிஸ்க்கைப் பொதுமக்கள் காருக்குக் கொண்டுவந்தது, அதுவும் முன்சில்லுக்கு மட்டும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குச் சாயும், பின்சில்லுக்கு வேலை குறைவு, அதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது கம்பனிகளின் கணக்கு. இன்றும் எங்கள் வீதிகளில் ஓடும் ஓல்டோ, அக்வா எல்லாவற்றுக்கும் பின்னால் டிரம்தான். பிரியஸின் மூன்றாம் தலைமுறை, வெசல் போன்றவற்றுக்குத்தான் பின்னாலும் டிஸ்க்.

இங்கேதான் கராஜுக்குத் திரும்ப வேண்டும். பாஸ் கலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டார். பைப்பில் தொங்கவிட்டால் பைப் உள்ளுக்குள்ளே கிழியும், வெளியே தெரியாதாம். பிறகு இரண்டு பேடையும் எங்கள் கையில் தந்தார். வெளிப்பேட் கிட்டத்தட்டப் புதுசு. உட்பேடில் உரசும் பொருளே இல்லை, இரும்பு மட்டும். அந்த இரும்பு டிஸ்க்கின் உட்பக்கத்தில் இசைத்தட்டு மாதிரி வரி வரியாகக் கோடு கீறியிருந்தது. ரிம்மின் இடுக்கால் எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பேட் மட்டும்தான். அம்மா நாலு மாதத்துக்கு முன் ஓர் இடத்தில் சேர்விஸ் செய்தபோது எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எட்டிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? கலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் வழுக்கி அசைய வேண்டும். ஒரு ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டது. பிஸ்டன் உட்பேடை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது, வெளிப்பேட் சும்மா நின்றது. இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, நமக்குக் கிட்டின வரலாறு. ஹைபிரிட் கார் வேகம் குறைக்கும்போது மோட்டாரையே பிரேக்காக்கிப் பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. டிஸ்க்குக்கு வேலை கொஞ்சம், பின் டிஸ்க்குக்கு அதிலும் கொஞ்சம். வேலை இல்லாத இரும்பு, கண்டி மழையில் துருப்பிடிக்கிறது. ஆனால் கலஹா மாதிரி நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் மோட்டார் கைவிரித்துவிடும். பிறகு எஞ்சினும் அந்தத் துருப்பிடித்த ஊசியும்தான் காரைப் பிடிக்க வேண்டும். கியரை 'பி'யில் போட்டு இறங்கச் சொல்லி அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. எங்களுக்கும் தெரியாது.

இன்னொரு பிழையும் இருந்தது. இந்தக் காரின் பின்பிஸ்டனை அமுக்கினால் உள்ளே போகாது, திருக்கித்தான் உள்ளே விட வேண்டும், ஹாண்ட் பிரேக்கின் திருகு அதற்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டன் முகத்தில் ஒரு வெட்டு உண்டு, பேடின் முதுகில் உள்ள மொட்டு சரியாக அதற்குள் உட்கார வேண்டும். முன்பு பேட் மாற்றிய யாரோ பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள். மொட்டு வெட்டுக்கு வெளியே, பேட் சாய்ந்தபடி எப்போதும் டிஸ்க்கில் உரசியபடியே இருந்தது. "ஒரு மில்லிமீற்றர் விசயம் தம்பி, அதுக்குத்தான் சில்லு பத்தி எரியப் பாத்துச்சு."

பாஸ் தூசியை ஊதவில்லை. போத்தலில் இருந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து, ஈரத் துணியால் துடைத்தார். நாங்கள் ஏன் என்று கேட்டோம். தான் வேலை பழகின காலத்தில் லைனர் தூசியை வாயால் ஊதுவோம் என்றார், கொம்பிரசர் வந்த பிறகு அதால் ஊதினோம், கராஜ் முழுக்க வெள்ளையாகப் பறக்கும் என்றார். தனக்குத் தொழில் சொல்லித்தந்த பாஸ் இருமி இருமியே போனார் என்றும் சொன்னார். அது எதனால் என்று யாரும் பார்க்கவில்லை. நாங்களும் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தூசி என்ன என்று சொல்லலாம். ஃபுரூட் முதலில் துணியையும் பிசினையும் சேர்த்துச் செய்தார், அது மோட்டார் காரின் சூட்டுக்குக் கருகியது. 1908இல் அஸ்பெஸ்டஸுக்கு மாறினார். எரியாத கல்நார். அதோடு உலகத்தின் பிரேக் எல்லாம் எண்பது வருடம் கல்நாரில்தான் நின்றது. எங்கள் மலையில் இறங்கிய ஒவ்வொரு பஸ்ஸும் லொறியும் அதைத்தான் உரசிக்கொண்டு இறங்கியிருக்கும். அந்த நார் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது, புற்றுநோய் பல பத்தாண்டு கழித்து வரும். ஜப்பான் 2004இல் பிரேக்கில் அதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005க்குள் தடை வந்தது.

இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து வந்தது, பெரும்பகுதி கூரைத் தகட்டுக்கு. அதையும் 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், அதாவது கட்டுப்பாடு தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடான ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லித் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு பின்போடப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. ஒரு வண்டு இவ்வளவு அரசியல் பேசும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தேயிலை பறிக்கிறவர்களின் லயத்துக் கூரையிலும் அந்தத் தகடு இருக்கிறது, அந்தத் தேயிலையை இறக்குகிற லொறிகளின் லைனரிலும் அந்த நார் இருந்தது. கோப்பி வண்டி மாட்டின் கழுத்துக்கு என்ன நடந்தது என்று நாங்கள் தேடத் தொடங்கினோம். வந்து நின்றது பாஸின் குருநாதருடைய இருமலில்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 1958 ஜனவரி 1இல் பஸ்கள் தேசியமயமாக்கப்பட்டன, 1979க்குப் பிறகு தனியாரும் வந்தார்கள். மலைக்கு ஏறுகிற பஸ்களில் பெரும்பகுதி எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்டின் வழிவந்தவை. சென்னையின் பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற கம்பனிகளின் பெயர் எங்கள் உதிரிப்பாகக் கடைகளில் பரிச்சயமானது. கண்டிக்கும் சென்னைக்கும் நடுவில் சினிமாவும் சேலையும் மட்டும் இல்லை, பிரேக் லைனரும் இருக்கிறது. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் இரண்டு நாள், பிரேக் இல்லையாம், சாரதி நித்திரையாம் என்று பேச்சு நடக்கும். மூன்றாம் நாள் வேறு செய்தி. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்றாவது உண்டு. தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள், பிரேக்கை யாரும் கேட்பதில்லை. புகை போகுமா என்று பார்க்கிற நாட்டில் கார் நிற்குமா என்று பார்ப்பதில்லை. இதில் எங்களுக்குக் கோபம்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காருக்கு மேல் பழைய கார்தான் ஓடியது. பாஸ் சொன்னார், அந்தக் காலத்தில் ஆட்கள் முன்பேடை மட்டும் மாற்றச் சொல்லி, பின்னால் இருப்பது இருக்கட்டும் என்று போவார்களாம். காசு இல்லை, சாமானும் இல்லை. பின்சில்லு பொறுத்துக்கொண்டது.

அம்மாவின் காருக்கு டிஸ்க் இரண்டும் மாற்ற வேண்டி வந்தது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் கடைசலுக்குக் கொடுத்தும் பிரயோசனம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று அம்மா கேட்டார். கூடாதாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்காவிட்டால் ஈர வீதியில் கார் ஒரு பக்கம் இழுக்கும். வில்லியம் கொபல்லாவ மாவத்தைக் கடைகளில் ஒரு டிஸ்க்தான் கிடைத்தது. மற்றதற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி இரண்டு நாள் பொறுத்தோம். அந்த இரண்டு நாளும் அம்மா பஸ்ஸில் பாடசாலைக்குப் போனார்.

சாமான் வந்ததும் பாஸ் ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் கிறீஸைப் பூசினார். சாதாரணக் கிறீஸ் றப்பரை ஊதவைத்துத் திரும்ப இறுக்கிவிடும். பிஸ்டனைத் திருக்கி உள்ளே விட்டு, வெட்டும் மொட்டும் பொருந்துகிறதா என்று எங்களையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். எண்ணெயையும் மாற்றினார். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல்தான் கொதிக்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் பைப்பில் ஆவி, ஆவியை மிதித்தால் மிதி தரைவரைக்கும் போகும். மழை ஊரில் இருக்கிறோம், இரண்டு வருடத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள் என்றார். பழைய எண்ணெய் வெறும் பிளேன்டீ நிறம்.

எல்லாம் பூட்டி, பற்றரி வயரைக் கொழுவி, மிதி கல்லாகும்வரை மெதுவாக மிதித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்ப கதவத் தொறக்கலாம்" என்றார். புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும் என்று வீதியில் கொண்டுபோய், கொஞ்ச வேகம் எடுத்து மெதுவாகக் குறைத்து, ஆறவிட்டுத் திரும்ப என்று பத்துத் தடவைக்கு மேல் செய்தார். நாங்கள் பின்சீட்டில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தோம். தேய்ந்த உட்பேடை எங்களுக்கே தந்துவிட்டார், இப்போது விடுதி அறையில் நோட்ஸ் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு திரும்பவும் கலஹாவுக்குப் போனோம். முதல் முறை சந்திக்கக் கிடைக்காத ஒரு தாத்தாவைப் பார்க்க. லொறியில் கிளீனராக இருந்தவர், இறக்கத்தில் சில்லுக்குக் கட்டை போட்ட கதைகள் அவரிடம் இருந்தன. அதை வேறொரு நாள் எழுதுகிறோம். திரும்பி வரும்போது அம்மா கியரை 'பி'யில் போட்டு இறங்கினார். எஞ்சின் உறுமியது. ஹிந்தகலைக்கு மேலே போன முறை நிறுத்திய அதே இடத்தில் காரை ஓரமாக்கி இறங்கி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் பின்பக்கம் போய், இடது பின்சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.